பத்திரிகையாளரைக் கைது செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டுமா?

தர வேண்டும். நியாயமான விசாரணை கைதான நிமிடமே தொடங்கிவிடுகிறது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு.

2023 அக்டோபரில் நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தா டெல்லியில் உபா (UAPA) என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அவருடைய வக்கீலுக்குத் தகவல் போவதற்குள், மறுநாள் விடிகாலையிலேயே ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க உத்தரவு. என்ன அவசரமோ! காரணத்தை எழுத்தில் தராததால் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுத்து எதற்கு? டெல்லி மயூர் விஹாரில் உங்கள் ஃபிளாட் சங்கம் அபராதம் போட்டுவிட்டு எதற்கென்று சொல்லாவிட்டால், எதை மறுப்பீர்கள்? ஜாமீன் கேட்கும் வக்கீலுக்கும் அதே திண்டாட்டம்தான்.

அப்புறம், கைது செல்லாது என்றால் வழக்கே முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, புர்கயஸ்தா ஜாமீன் பத்திரம் கொடுத்துத்தான் வெளியே வந்தார், வழக்கு தனி.