படை முகாமில் விபத்து: முதல் ஒரு மணி நேரத்தில் ஊடகத்துக்கு என்ன சொல்வது?

கேள்வி: தமிழகத்தில் உள்ள ராணுவ நிலையம் ஒன்றில் அதிகாரியாக இருக்கிறேன். வழக்கமான பணியோடு ஊடகத் தொடர்பையும் கூடுதல் பொறுப்பாகத் தந்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் பயிற்சியில் வாகனம் கவிழ்ந்து ஜவான் ஒருவர் இறந்தார். மேலிட ஒப்புதலுக்குக் காத்திருந்ததில் நாங்கள் அறிக்கை தர மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் அவர் பெயரும் படமும் வாட்ஸ்அப்பில் சுற்றி, ஊரில் இருந்த அவருடைய அம்மாவுக்குப் பக்கத்து வீட்டார் மூலம் செய்தி போய்விட்டது. இனி இப்படி நடக்கக் கூடாது. யார் பேசுவது, எப்போது, என்ன எழுதுவது?

பதில்: அந்த அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த விதத்திலிருந்தே தொடங்குவோம். குடும்பத்துக்குச் சொல்வது, ஊருக்குச் சொல்வது என்ற இரண்டு வேலைகளும் உங்கள் நிலையத்தில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒன்று முடியாததால் மற்றதும் நின்றுபோனது. முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். விபத்து நடந்தது உறுதியான 45 நிமிடத்துக்குள் பெயரில்லாத முதல் அறிக்கை வெளியே போய்விடலாம். பெயர் மட்டும், குடும்பத்தார் அனைவருக்கும் நேரில் சொல்லி முடித்த பிறகே போக வேண்டும்.

யார் பேசுவது என்பதில் குழப்பமே வேண்டாம். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 21ஆவது விதி, முன் அனுமதியின்றிப் பணி சார்ந்த எந்தத் தகவலையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பத்திரிகைகளுக்குத் தருவதைத் தடுக்கிறது. நிலையத்தின் ஊடக அதிகாரி என்ற பொறுப்பு அந்த அனுமதியைத் தானாகத் தந்துவிடாது. அறிக்கையை வெளியிடுவது பாதுகாப்பு அமைச்சகத்தின் மக்கள் தொடர்பு இயக்ககம். அதன் சென்னை அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்புத் துறை மக்கள் தொடர்பு அதிகாரி, அதாவது பிஆர்ஓதான் உங்களுக்கான வாசல். அவர் கையில் சரியான தகவலை விரைவாகச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. நிலையத் தளபதி, மேல்நிலைத் தலைமையகத்தின் ஊடகப் பிரிவு, பிஆர்ஓ ஆகிய மூவரின் எண்களையும், அவர்கள் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டி வையுங்கள். விடுப்பில் போனவரின் எண்ணை அழைத்துக்கொண்டே அரை மணி நேரத்தைத் தொலைப்பதுதான் இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

உங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனதற்குக் காரணம், விபத்து நடந்த பிறகு வாசகத்தை எழுதத் தொடங்கி, அதை மேலே அனுப்பி, திருத்தம் வாங்கி, மறுபடி அனுப்பியதாகவே இருக்கும். வாசகத்துக்கான ஒப்புதலை இன்றே வாங்கி வையுங்கள். வாகன விபத்து, துப்பாக்கி அல்லது வெடிபொருள் பயிற்சி விபத்து, ஹெலிகாப்டர் அல்லது விமான விபத்து, நீரில் மூழ்குதல், தற்கொலை என ஐந்து வகைக்கு ஐந்து மாதிரிகள் போதும். அன்றைக்கு நிரப்ப வேண்டியவை நேரமும் இடமும் மட்டுமே. அவற்றை ஒப்புக்கொள்ளத் தளபதிக்குத் தொலைபேசியில் இரண்டு நிமிடம் போதும். தற்கொலைக்கான மாதிரியில் காரணமும் முறையும் ஒரு சொல்கூட இடம்பெறக் கூடாது.

வாகன விபத்துக்கு இப்படி எழுதலாம்:

"இன்று காலை சுமார் 10 மணியளவில் ……… பயிற்சிப் பகுதியில் வழக்கமான பயிற்சியின்போது ராணுவ வாகனம் ஒன்று விபத்துக்குள்ளானது. அதில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளனர். மீட்புப் பணியில் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் உதவி வருகின்றன. காரணத்தை அறிய ராணுவ விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. அடுத்த தகவல் பிற்பகல் 1 மணிக்கு வெளியிடப்படும்."

நிருபருக்கு இதில் அதிகம் உதவுவது கடைசி வரி. எப்போது வரும் என்று தெரிந்தால் அவர் வேறு வழிகளில் துழாவுவதைக் கொஞ்சம் நிறுத்துவார். ஆனால் 1 மணி என்று சொன்னால் 1 மணிக்கு ஏதாவது வந்தே ஆக வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் 'மீட்புப் பணி தொடர்கிறது, அடுத்த தகவல் 3 மணிக்கு' என்றாவது சொல்லுங்கள். ஒரு முறை தவறவிட்டால் அடுத்த முறை உங்கள் நேரத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

மாதிரியில் உயிரிழப்பு எண்ணிக்கை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மருத்துவர் அறிவிக்கும் முன் யாரும் இறந்தவர் ஆக மாட்டார். மூன்று என்று சொல்லி இரண்டாகக் குறைப்பதைப் போலக் குடும்பங்களை வதைப்பது வேறில்லை. பெயரோடு சேர்த்து, அடையாளம் காட்டிவிடும் மற்ற விவரங்களையும் நிறுத்தி வையுங்கள். 'திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார்' என்ற நான்கு சொல் போதும், ஒரு கிராமத்துக்கு அது யாரென்று தெரிந்துவிடும். பதவி, ஊர், படைப்பிரிவு மூன்றும் பெயருக்குச் சமம்.

நிருபர் ஒருவர் நேராகவே கேட்கிறார்: "ஒருத்தர் இறந்துட்டார்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்களே, சார்?" இதற்கு 'அப்படி எதுவும் இல்லை' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 'குடும்பத்தாருக்கு நேரில் சொல்லும் வரை உயிரிழப்பு பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டோம்' என்று காரணத்தோடு சொல்லுங்கள். இந்தக் காரணத்தை மதிக்காத நிருபர்கள் குறைவு. 'உங்க பேர் போடாம எழுதுறேன்' என்ற கோரிக்கைக்கும் இணங்காதீர்கள். சொன்னது யாரென்று கண்டுபிடிக்க ஒரு சிறிய நிலையத்தில் ஐந்து நிமிடம் ஆகாது.

குன்னூர் விபத்தின் காலவரிசையை ஒரு தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து காலை 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர், 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும், 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. அது விழுந்த இடமான குன்னூர் அருகே உள்ள நஞ்சப்பசத்திரம் மக்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். எரியும் சிதைவுகளின் படங்கள் கைப்பேசிகள் வழியாகத் தொலைக்காட்சிகளுக்குப் போயின. விமானப்படை அன்று பிற்பகல் ட்விட்டரில் தந்த முதல் செய்தியில் இருந்தவை இரண்டே விஷயங்கள்: ஜெனரல் பிபின் ராவத் பயணித்த ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. முப்படைத் தலைமைத் தளபதியின் பயணத்தை மறைக்க முடியாது என்பதால் அவர் பெயர் வந்தது. அவருடைய மரணமோ மாலை 6 மணியளவில்தான் உறுதிசெய்யப்பட்டது. உடல்கள் பலவற்றை அடையாளம் காண டிஎன்ஏ சோதனை வரை போக வேண்டியிருந்ததை நினைத்தால், அந்தப் பொறுமை எவ்வளவு சரி என்பது விளங்கும்.

இடையில் சதி, இயந்திரக் கோளாறு என்று ஊகங்கள் பெருகின. டிசம்பர் 10 அன்று விமானப்படை, முப்படை விசாரணை நடப்பதாகவும், இறந்தவர்களின் மாண்பைக் கருதி ஊகங்களைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொண்டது. முதற்கட்ட முடிவு 2022 ஜனவரி 14 அன்று வந்தது: கோளாறோ சதியோ கவனக்குறைவோ இல்லை, வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. 37 நாள் கழித்துக் கிடைத்த இந்த விடையை முதல் நாளில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. 'பிரேக் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று உங்கள் நிலையத்தில் யார் சொன்னாலும் அது உங்கள் வாய் வழியாக வெளியே போகக் கூடாது.

காரணத்தை அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பது தெரிந்த உண்மையை மறைக்க உரிமம் ஆகிவிடாது. அமெரிக்க வீரர் பாட் டில்மன் 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் தம் படையினரின் குண்டுக்கே இறந்தார். எதிரியின் தாக்குதலில் இறந்ததாகச் சொல்லி, பதக்கம் அறிவித்து, மே 3 அன்று நினைவுக் கூட்டமும் நடந்தது. குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட்டது மே மாதக் கடைசியில். அதன் பிறகு பல ஆண்டுகள் விசாரணை மேல் விசாரணை. நம் நாட்டில் 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் சொந்த ஏவுகணையே எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தி, விமானப்படையினர் 6 பேரும் பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். விமானப்படைத் தளபதி அதைப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அக்டோபர் 4 அன்று. அதுவரை செய்தி துண்டு துண்டாகக் கசிந்துகொண்டே இருந்தது. விசாரணை முடிந்து கெட்ட செய்தி தெரிந்தால், முதலில் குடும்பத்துக்கும் அடுத்து ஊடகத்துக்கும் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்று தளபதியிடம் வாதிடுவதும் ஊடக அதிகாரியின் கடமைதான்.

குடும்பத்துக்குச் சொல்வதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜவானின் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்தில் இருப்பார். பெற்றோர் கிராமத்தில் இருப்பார்கள். ஆவணத்தில் நெருங்கிய உறவினராகப் பதிவானவர் மனைவி மட்டுமே. அவரிடம் சொன்னவுடன் வேலை முடிந்தது என்று பெயரை வெளியிட்டால், அம்மா தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்வார். இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் ஆள் போக வேண்டும். சீருடையில் ஓர் அதிகாரி, அந்த வீட்டின் மொழி பேசும் ஒருவர், முடிந்தால் ஒரு பெண். உங்கள் ஆட்கள் போய்ச்சேர நேரமாகும் என்றால், அந்தப் பகுதிக்கு அருகில் உள்ள படைப்பிரிவையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் உதவிக்கு அழையுங்கள். ஜவான்களின் முகவரி, கைப்பேசி எண், பெற்றோர் எண் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள். மாறிப்போன எண்தான் அன்றைக்கு உங்கள் கையைக் கட்டும். இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று என்று போனவர்களே அழைத்து உறுதிசெய்த பிறகுதான் பெயரை விடுவிக்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதன் பிறகும் 24 மணி நேரம் காத்திருக்கிறது. நம் ஊர் வேகத்தில் அவ்வளவு முடியாது என்றாலும், உறவினர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இரண்டு மூன்று மணி நேரமாவது கொடுங்கள்.

ஜவானின் படம் வாட்ஸ்அப்பில் போனது பெரும்பாலும் உள்ளிருந்துதான். தீய நோக்கத்தோடு யாரும் செய்வதில்லை; 'நம்ம பையன் போயிட்டான்' என்ற துயரத்தில் கூடப் படித்தவர்கள் குழுவில் ஒருவர் போடுகிறார், அங்கிருந்து ஊர்க் குழுவுக்குப் போகிறது. ஆகவே விபத்து நடந்த பத்து நிமிடத்தில் அணித் தலைவர்கள் ஜவான்களை நேரில் கூட்டி, 'அம்மா அப்பாவுக்கு நாம சொல்ற வரைக்கும் யாரும் எதுவும் போடாதீங்க' என்று சொல்ல வேண்டும். உத்தரவைவிட இந்தக் காரணம் வேலை செய்யும்.

தமிழ் வாசகத்தைச் சென்னையிலோ செய்தி அறையிலோ மொழிபெயர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஆங்கில அறிக்கையோடு சேர்த்தே அனுப்புங்கள். கோர்ட் ஆஃப் என்கொயரி என்பது அதிகாரிகள் அடங்கிய விசாரணைக் குழு; தமிழில் அது 'நீதிமன்ற விசாரணை' ஆகிவிட்டால் யாரோ குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் படிக்கப்படும். 'ராணுவ விசாரணை' என்று எழுதுங்கள். பயிற்சி விபத்துக்கு 'வீரமரணம்' என்ற சொல்லையும் அறிக்கையில் பயன்படுத்த வேண்டாம். பத்திரிகைகள் மரியாதையாக அப்படி எழுதலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் ராணுவக் கணக்கில் பேட்டில் கேஷுவல்டி (போர் நடவடிக்கை சார்ந்த இழப்பு), ஃபிசிகல் கேஷுவல்டி (அது அல்லாத இழப்பு) என்று இரு வகை உண்டு. குடும்பத்துக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் உதவித்தொகையும் அந்த வகையைப் பொறுத்தே அமையும். அறிக்கையில் ஒரு சொல்லும் கோப்பில் வேறு சொல்லும் இருந்தால், பின்னாளில் அலையப்போவது அந்த மனைவிதான். 'பணியின்போது உயிரிழந்தார்' என்பதே போதிய மரியாதையான சொல்.

படம் வெளியிடுவதென்றால் இரண்டு பேர் பார்க்காமல் ஒன்றும் போகக் கூடாது. வாகனத்தின் பதிவு எண், தோள்பட்டைச் சின்னம், பெயர்ப்பலகை, பின்னால் தொங்கும் வரைபடம், ஆன்டெனா, காயம்பட்டவர் முகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கைப்பேசிப் படத்தில், அது எடுக்கப்பட்ட இடத்தைக் காட்டும் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிய பிரதியை மட்டும் அனுப்புங்கள். ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடம் படைத்தளங்களின் சுற்றுப்பாதைகளையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில்தான் உலகின் கண்ணில் பட்டது. அதில் யாரும் ரகசியத்தை எழுதி அனுப்பவில்லை.

முகாமுக்கு வெளியே விபத்து என்றால் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் எப்படியும் பேசுவார்கள். உங்கள் வாசகம் ஒப்புதல் பெற்றவுடன் அவர்களுக்கும் அனுப்பி, எண்ணிக்கையை ஒரே ஆதாரத்திலிருந்து மட்டும் சொல்வதென்று பேசிக்கொள்ளுங்கள். மூன்று அலுவலகம் மூன்று எண் சொன்னால் மறுநாள் தலைப்பு அதுவாகத்தான் இருக்கும். தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும் இடத்துக்கு வேறு சட்டம்: மும்பைத் தாக்குதலின் நேரலையில் கிடைத்த கசப்பான பாடத்துக்குப் பிறகு, 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, நடவடிக்கை முடியும் வரை நேரலைக்குத் தடை வந்தது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தை மட்டுமே ஒளிபரப்பலாம். இதைச் சாதாரண விபத்து நடந்த இடத்தில் நிருபர்களை விரட்டுவதற்கு எடுத்துக் காட்டாதீர்கள். அங்கே பொருந்தாது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிழலும் தண்ணீரும் உள்ள ஓரிடத்தைக் காட்டி, 'இங்கே இருங்கள், இங்கேதான் தகவல் வரும்' என்று சொன்னால் பாதிக் கூட்டம் அடங்கிவிடும்.

வரும் அழைப்புகளுக்கு ஒரே எண். அதன் அருகே ஒரு நோட்டு. நேரம், பெயர், நிறுவனம், கேள்வி, எப்போதுக்குள் பதில் வேண்டும், என்ன சொன்னோம் என்று ஆறு கட்டம். தாலுகா நிருபர்களை விபத்து நாளில் முதன்முறையாகச் சந்திக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேநீருக்கு அழைத்து, குடும்பத்துக்குச் சொல்லும் வரை பெயரை ஏன் வைத்திருக்கிறோம் என்பதை அமைதியான ஒரு நாளில் விளக்குங்கள்.

எல்லாம் தயார் என்று தோன்றியதும் ஒரு நாள் இரவு 2 மணிக்கு, முன்னறிவிப்பில்லாமல், வேறொருவரைக் கொண்டு அந்த எண்ணுக்கு நிருபர்போல் அழைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணியோசைக்குப் பிறகு எடுக்கிறார்கள், எடுத்தவர் என்ன சொல்கிறார், ஒட்டிய தாளில் உள்ள முதல் எண் இன்னும் அதே அதிகாரியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். 45 நிமிடத்தில் மாதிரி அறிக்கை பிஆர்ஓவின் மேசைக்குப் போகவில்லை என்றால், எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதம் மறுபடி அழையுங்கள்.