அமெரிக்கத் திருச்சபைப் பிரிவுகளை நூலகத்தில் தேடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் கிறிஸ்தவத்துக்குள் எத்தனை பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஆய்வேட்டுக்காகத் தேடுகிறேன். இணையத்தில் இடத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. நூலகத்தில் எந்தப் புத்தகங்களைப் பார்ப்பது?

பதில்:

கல்லூரி நூலகம் ஒன்றின் ரெஃபரன்ஸ் பகுதியில் வேலை பார்க்கிறேன். வரலாறு, இறையியல் படிக்கும் பிள்ளைகள் இதே கேள்வியோடு அடிக்கடி வருவார்கள். எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வம்சாவளியைப் பிடியுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். எந்தச் சபை எதிலிருந்து பிரிந்தது, எப்போது எதோடு சேர்ந்தது என்று தெரியாமல் எண்களைக் கூட்டினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

அமெரிக்காவில் அரசு தரும் மதக் கணக்கு இன்று கிடையாது. நம் ஊரில் சென்சஸ் எடுக்க வருபவர் மதம் கேட்டு எழுதிக்கொள்வதைப் போல அங்கே கேட்பதில்லை. மதம் என்ன என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆனால் 1906, 1916, 1926, 1936 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவர்களுடைய கணக்கெடுப்புத் துறை மத அமைப்புகளுக்கென்றே தனிக் கணக்கு எடுத்தது. வீடு வீடாகப் போகவில்லை. ஒவ்வொரு உள்ளூர்ச் சபைக்கும் படிவம் அனுப்பி நிரப்பி வாங்கினார்கள். அந்தத் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பார்வை நூல்கள் இவைதான். முதல் தொகுதி முழுக்க அட்டவணை. அடுத்ததில் ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளிவிவரம் போக, வரலாறு, கோட்பாடு, நிர்வாக அமைப்பு என்று சின்னக் கட்டுரை இருக்கும். பல கட்டுரைகளை அந்தந்தச் சபையின் பொறுப்பாளர்களே பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சபை தன்னைப் பற்றி அந்தக் காலத்தில் என்ன நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடினாலும் அகப்படாது.

இதில் ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். 1926 தொகுதியில் நாடு முழுக்க 2,32,154 உள்ளூர்ச் சபைகள். 1936-ல் அது 1,99,302. பார்த்தவுடன், பொருளாதார நெருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆலயங்களை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். தெற்கத்திப் பாப்டிஸ்ட் சபையின் வரியைப் பாருங்கள்: 1926-ல் சுமார் 35 லட்சம் உறுப்பினர்கள், 1936-ல் சுமார் 27 லட்சம். அதே சபையின் சொந்த ஆண்டறிக்கையில் அந்தப் பத்தாண்டில் உறுப்பினர் தொகை கூடியிருக்கிறது. படிவத்தை நிரப்பி அனுப்பாத சபைகள் 1936-ல் ஏராளம், முக்கியமாகத் தென் மாநிலங்களில். அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காக 1936 கணக்கை மட்டும் எடுத்து வைத்து யாரும் முடிவு எழுதக் கூடாது. சபைகளின் ஆண்டறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வம்சாவளிக்கு வருகிறேன். ஜே. கோர்டன் மெல்டன் தொகுத்த அமெரிக்க மதங்களின் கலைக்களஞ்சியம் 1978-ல் முதலில் வந்தது. பிறகு பல பதிப்புகள். அதன் பலம், பிரிவுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருப்பது. லூத்தரன் குடும்பம், பாப்டிஸ்ட் குடும்பம், பெந்தெகொஸ்தே குடும்பம் என்று எடுத்துப் படித்தால் யார் யாருக்குப் பங்காளி என்று புரிந்துவிடும். கிறிஸ்தவம் அல்லாத மதங்களும் அதில் உண்டு. கையடக்கமாக வேண்டுமென்றால் ஃபிராங்க் மீட் 1951-ல் தொடங்கிய கையேடு போதும். அவருக்குப் பின்னும் வேறு ஆசிரியர்கள் புதுப்பித்து வந்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம். மதுரை அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கிய மிஷனின் தாய்ச்சபை எது என்று தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரை மிஷனை 1834-ல் ஆரம்பித்தது 'அமெரிக்கன் போர்டு'. அது முக்கியமாகக் கான்கிரிகேஷனல் சபைக்காரர்களின் அமைப்பு. 1906 தொகுதியில் 'கான்கிரிகேஷனலிஸ்டுகள்' என்றே தலைப்பு இருக்கிறது. சமீபத்திய கையேட்டில் அந்தப் பெயரில் பெரிய சபை எதையும் காணோம். அழிந்துவிட்டதா? இல்லை. 1931-ல் வேறொரு சபையோடு சேர்ந்து கான்கிரிகேஷனல் கிறிஸ்டியன் சபைகள் ஆனார்கள். 1957-ல் ஜெர்மானியப் பின்னணி கொண்ட எவாஞ்சலிக்கல் அண்ட் ரிஃபார்ம்டு சபையோடு இணைந்து யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் ஆனார்கள். இந்த இணைப்பு வேண்டாம் என்று ஒதுங்கியவர்களுக்கு 1948-லும் 1955-லும் தொடங்கிய இரண்டு தனி அமைப்புகள் இருக்கின்றன. ஆக, 1906-ன் ஒரு வரி இன்று மூன்று இடங்களில் கிடக்கிறது. ஆனால் ஆர்க்காடு மிஷனின் தாய்ச்சபையான ரிஃபார்ம்டு சர்ச் இன் அமெரிக்கா, 1867-ல் பெயரிலிருந்து 'டச்சு' என்பதை எடுத்ததோடு சரி, இன்றும் அதே பெயரில் இருக்கிறது. இரண்டு மிஷன்களின் சபைகளும் இங்கே 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையாகவும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையாகவும் ஒன்றாகிவிட்டன. அங்கே அவை இன்றுவரை வெவ்வேறு சபைகள்தான். இப்படி ஒரு சபையை முழுசாகப் பின்தொடர்ந்து பார்த்தாலே இந்த நூல்களைக் கையாளும் பழக்கம் வந்துவிடும்.

இனி எண்ணிக்கை. தேசியத் திருச்சபைகள் கவுன்சில் வெளியிட்ட அமெரிக்க, கனடியத் திருச்சபைகளின் ஆண்டு மலர் 2012 வரை அச்சில் வந்தது. அதன் உறுப்பினர் அட்டவணையில் இரண்டு பத்திகளைத் தவறாமல் பாருங்கள். ஒன்று, எந்த ஆண்டின் கணக்கு என்பது. 2000-ஆம் ஆண்டு மலரில் இருப்பதெல்லாம் அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில சபைகள் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த எண்ணே திரும்பத் திரும்ப வரும். கடைசியில் ஐந்தாறு பூஜ்ஜியத்தோடு வழவழவென்று ஓர் எண் இருந்தால் அது மதிப்பீடு, யாரும் தலையை எண்ணவில்லை. இன்னொன்று, முழு உறுப்பினர் தனியாகவும், குழந்தைகளையும் சேர்த்த மொத்தம் தனியாகவும் கொடுத்திருக்கும் பத்திகள். கத்தோலிக்கத் திருச்சபை, திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தையையும் எண்ணுகிறது. பாப்டிஸ்டுகள், விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் எடுத்தவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். இரண்டையும் அப்படியே ஒரே பார் சார்ட்டில் போட்டு ஒப்பிட்டு வரும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். யெகோவாவின் சாட்சிகள், ஊழியத்துக்குப் போய் அறிக்கை கொடுப்பவர்களைக் கணக்கில் வைக்கிறார்கள். கிறிஸ்டியன் சயின்ஸ் சபையோ உறுப்பினர் எண்ணிக்கையை வெளியிடக் கூடாது என்று தன் விதிக் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. அவர்களுக்கு 1936 அரசுத் தொகுதியைத்தான் புரட்ட வேண்டும்: 2,68,915.

'உலகில் 33 ஆயிரம் கிறிஸ்தவப் பிரிவுகள்' என்று பார்த்திருப்பீர்கள். டேவிட் பாரெட்டின் உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியத்தின் 2001 பதிப்பிலிருந்து வருவது அது. அங்கே பிரிவுகளை நாடு வாரியாக எண்ணுகிறார்கள். ஒரே கத்தோலிக்கத் திருச்சபை எத்தனை நாடுகளில் இருக்கிறதோ அத்தனை முறை எண்ணப்படும். ஒரு நாட்டின் பிரிவுகளைப் பட்டியலாகப் பார்க்க நல்ல நூல். அந்த உலக மொத்தத்தை மட்டும் மேற்கோளாக எடுத்தாளாதீர்கள்.

மாவட்ட அளவில், அதாவது கவுன்டி வாரியாக, எந்தச் சபை எங்கே வலுவாக இருக்கிறது என்று பார்க்க, 1952-லும், பிறகு 1971, 1980 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் நடந்த சபை, உறுப்பினர் கணக்கெடுப்பு இருக்கிறது, கடைசியாக 2020. ஆர்டா என்ற தரவுத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அலமாரியில் தேடுவதென்றால், டியூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் 280 முதல் 289 வரை போங்கள். 282 கத்தோலிக்கம், 284 லூத்தரன், 286 பாப்டிஸ்ட், 287 மெதடிஸ்ட். இவற்றில் அடங்காதவை 289. அமெரிக்கக் கிறிஸ்தவ வரலாறு 277.3-ல் இருக்கும். பொது நூலகத்தில் இல்லாவிட்டால் இறையியல் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள்: சென்னையில் குருகுல், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூரில் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ். போவதற்கு முன் போன் செய்து எந்தப் பதிப்பு இருக்கிறது என்று விசாரியுங்கள். பழைய பதிப்புதான் இருக்கிறது என்றாலும் விட்டுவிடாதீர்கள். பிற்பாடு இணைந்துபோன சபைகளின் தனி விவரம் பழையதில்தான் இருக்கும்.

எந்தக் காலத்தைப் பற்றிய ஆய்வு என்று நீங்கள் சொல்லவில்லை. 1936-க்கு முன் என்றால் அரசுத் தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் பின் என்றால் ஆண்டு மலரும் கவுன்டி கணக்கும். குறிப்பிட்ட சபை ஏதாவது மனதில் இருந்தால் கருத்துப் பகுதியில் பெயரைப் போடுங்கள், எந்தத் தலைப்பின்கீழ் தேடுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.