ஊற்றும் முன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்: பெப்பரோமியா கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெப்பரோமியா என்ற சின்னத் தொட்டிச் செடி பற்றியவை. 100, 150 ரூபாய்க்கு எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது, மேசையில் அடங்குகிறது, அதனால் பலரும் வாங்குகிறார்கள். வாங்கிய இரண்டு மாதத்தில் பலரும் கடிதம் எழுதுகிறார்கள். இந்த முறை முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றலாமா? (வாசகி, அம்பத்தூர்)

கூட்ட வேண்டாம் அம்மா. அந்த அரை டம்ளர்தான் காரணம். ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள், கற்றாழை மாதிரி உள்ளே ஈரம் இருக்கும். தனக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்திருக்கும் செடி இது. சொந்த ஊரான தென் அமெரிக்கக் காடுகளில் இந்த இனத்தில் பலவும் மரக்கிளையில் படர்ந்த பாசியிலும் பாறை இடுக்கிலும் ஒட்டி வளர்பவை. மழை பெய்யும், வடிந்துவிடும், காற்றில் காய்ந்துவிடும். வேர் மெல்லியது, கொஞ்சமாகத்தான் இருக்கும். அதை நாள் முழுக்க ஈரத்தில் வைத்தால் காற்றில்லாமல் அழுகிவிடும்.

ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி தூக்குங்கள். எடை வித்தியாசம் கைக்கே தெரியும். தொட்டி லேசான பிறகுதான் அடுத்த தண்ணீர். அப்போதும் சொட்டுச் சொட்டாக விடாமல், அடியில் வழியும்வரை ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். சென்னையில் மே மாதத்தில் 5, 6 நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி மழையில் 10, 12 நாளுக்கு ஒருமுறை என்று அமையும். இது ஒரு தோராயம்தான். நாளை எண்ணி ஊற்றாதீர்கள், தூக்கிப் பார்த்து ஊற்றுங்கள்.

இணைப்பில் உள்ள செடி வாடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம். (ஊர் குறிப்பிடவில்லை)

இணைப்பில் எதுவும் இல்லை. என்ன செடி, எப்படிப்பட்ட தொட்டி, ஜன்னலிலிருந்து எத்தனை அடி, கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது: இந்த நான்கும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். மருந்து எதுவும் அடிக்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு நிதானமாக எழுதுங்கள்.

மூன்று வருடமாக ரப்பர் செடி வளர்க்கிறேன். ஓர் அடிக்கு மேல் வளரவே இல்லை. டி.ஏ.பி. போட்டும் பயனில்லை. (வாசகர், திருச்சி)

உங்களிடம் இருப்பது ரப்பர் செடியே இல்லை. 'பேபி ரப்பர் பிளான்ட்' என்ற பெயரில் விற்கப்படும் பெப்பரோமியா ஒப்டுசிஃபோலியா அது. ஓர் இலையைக் கிள்ளுங்கள். நிஜமான ரப்பர் செடி ஆல், அரச மரங்களின் குடும்பம், கிள்ளினால் பால் வடியும். இதில் வடியாது. ஓர் அடிதான் இதன் உயரமே, மூன்று வருடம் உயிரோடு வைத்திருப்பதே நல்ல வளர்ப்பு. டி.ஏ.பி.யை உடனே நிறுத்துங்கள். வயலுக்குப் போடும் உரத்தை 5 அங்குலத் தொட்டியில் போட்டால் வேர் கருகும். தண்ணீரில் கரையும் 19:19:19 உரம், லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை, அதுவும் புதுத்துளிர் விடும் காலத்தில் மட்டும். போதும்.

கிரகப்பிரவேசத்துக்கு வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஒரு பெப்பரோமியா பரிசாக வந்தது. அடியில் ஓட்டை இல்லை. இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் போட்டால் மிச்சத் தண்ணீர் அதில் தங்கிவிடும், வேருக்கு வராது என்கிறார் கடைக்காரர். சரிதானா? (வாசகி, கோவை)

சரியில்லை. இதே பதிலை வருடத்துக்கு ஐந்து முறையாவது எழுதுகிறேன், இந்தத் தொட்டிகள் கடையில் இருக்கும்வரை இன்னும் எழுதுவேன்.

முதலில் கூழாங்கல் விஷயம். பாத்திரம் தேய்க்கும் செவ்வகமான ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் முக்கி, படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டும், பிறகு நிற்கும். நின்றதும் அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். பிழியாமலே மறுபடி சொட்டும். அதற்குப் பிறகும் அடிப்பக்கம் ஒரு விரல்கடை தொப்பலாகவே நிற்கும், இறங்காது. மண்ணும் இப்படித்தான். அதன் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கல்லுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் விடாது. அதனால் தொப்பலாக நிற்கும் பகுதி கல்லுக்கு மேலே, மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டு அங்குலம் கல் போட்டால் அந்தச் சேறு இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். கல்லைத் தாண்டி இறங்கிய கொஞ்சம் தண்ணீரும் ஓட்டை இல்லாத தொட்டியில் எங்கும் போகாது, அடியில் கிடந்து நாறும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டை இல்லாத கிண்ணத்தில் ஆளுக்கொரு பெப்பரோமியா கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். சாக்கடை வாடை அடித்தது. வேர் தேநீர்ச் சக்கை நிறத்தில் இருந்தது. இரண்டு விரலால் ஒரு வேரை மெல்ல இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்துவிட்டது, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் நின்றது. மேலே இலைகள் பளபளவென்று இருந்தன! இலையில் சேமிப்பு இருப்பதால் இந்தச் செடி வேர் செத்த பிறகும் சில வாரம் நன்றாக இருப்பது போலவே தெரியும். வாங்கிப் போனவர் தன் கை ராசியில்லை என்று நினைத்துக்கொள்வார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. உயிருள்ள ஒன்றை அப்படி விற்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நீங்கள் செய்ய வேண்டியது: செடியை எடுத்து, ஓட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து ஊற்றி, கால் மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். பீங்கானிலேயேதான் நட வேண்டும் என்றால் டைல்ஸ் போடுபவரிடம் கொடுங்கள். டைமண்ட் பிட் வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே 10 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுத் தருவார். டிரில் மெஷினில் சுத்தியல் முறையை அணைத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொட்டி விரிசல் விட்டுவிடும்.

கலவையையும் மாற்றுங்கள். நர்சரியிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), வீட்டுக்குள் அது காயவே காயாது. கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) அல்லது கருக்கிய உமி 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. தொட்டி வேர்க்கட்டியை விட ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால் போதும்.

தர்பூசணி பெப்பரோமியாவை ஓர் இலையிலிருந்தே வளர்க்க முடியுமா? (மாணவி, தஞ்சாவூர்)

முடியும். இதன் காம்பு இலையின் ஓரத்தில் சேராமல், தாமரை இலை போல உள்பக்கமாகச் சேரும், பார்த்திருப்பீர்கள். முற்றிய, காயம்படாத இலையாக எடுத்து, சுத்தமான பிளேடால் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய ஓரம் கீழே இருக்கும்படி ஈரமான கலவையில் ஒரு சென்டிமீட்டர் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வெளிச்சமான இடத்தில் வையுங்கள். நரம்புகள் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு மாதத்தில் வேர் வரும், இரண்டு மாதத்தில் நகம் அளவில் கோடு போட்ட குட்டி இலைகள் எட்டிப் பார்க்கும். கலவை ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று வேண்டாம்.

மஞ்சளும் பச்சையும் கலந்த ஒப்டுசிஃபோலியாவுக்கு இந்த வழி வேண்டாம். இலையிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாகப் போய்விடும். கணுவோடு தண்டை வெட்டி நடுங்கள்.

என் செடியில் எலிவால் மாதிரி பச்சைக் குச்சிகள் கிளம்பியிருக்கின்றன. நோயா? (வாசகர், நாகர்கோவில்)

பூக்கள். உங்கள் ஊர்ப் பக்கம் மிளகுக் கொடியில் தொங்கும் பூச்சரத்தைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் இங்கே நிமிர்ந்து நிற்கிறது. மிளகு, வெற்றிலை, திப்பிலி எல்லாம் இதற்குப் பங்காளிகள், ஒரே குடும்பம். 1794இல் ரூயிஸ், பாவோன் என்ற இரண்டு ஸ்பானியத் தாவரவியலாளர்கள் 'மிளகு போன்றது' என்ற பொருளில் பெப்பரோமியா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மூலம் திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலி. தென் அமெரிக்கச் செடிதான், பெயரில் நம் திப்பிலி இருக்கிறது.

மழை முடிந்ததும் ஈரச் சுவரோரம் கண்ணாடி மாதிரித் தண்டோடு முளைக்கும் சின்னக் களை ஒன்று உண்டு. மலையாளத்தில் மஷித்தண்டு என்பார்கள், பிள்ளைகள் சிலேட்டு அழிக்கப் பயன்படுத்தியது. அதுவும் ஒரு பெப்பரோமியாதான். ஒரு தண்டைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள், நிறம் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவசியம் காட்டுங்கள். எலிவாலை வேண்டுமானால் விடலாம், வேண்டாமென்றால் நறுக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன். இலை ஓரம் கருகுகிறது. (வாசகி, பெருங்குடி)

கழிவுத் தண்ணீர் என்பது உங்கள் போர் தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து இறுகியது. வாசல் துடைக்கலாம், கழிப்பறைக்கு விடலாம். தொட்டிச் செடிக்கு வேண்டாம். மண் மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள். ஓட்டை உள்ள தொட்டியாக இருந்தால்தான் இதுவும் முடியும். மழைநீர் எல்லாவற்றிலும் நல்லது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இல்லை, ஊற்றலாம்.

பூனை இலையைக் கடித்துவிட்டது. பயமாக இருக்கிறது. (வாசகர், புதுச்சேரி)

பெப்பரோமியா பூனைக்கும் நாய்க்கும் விஷமில்லை. பயப்பட வேண்டாம். பக்கத்தில் மணி பிளான்ட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் உயரத்தில் மாட்டுங்கள். அதன் இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும்.

படுக்கையறையில் நான்கு தொட்டி வைத்தால் காற்று சுத்தமாகுமா? (வாசகி, சேலம்)

ஆகாது. செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்குக் காரணமான 1989 நாசா சோதனை, மூடிய சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. அதன் பிறகு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டவர்கள், கட்டடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் வெளிக்காற்றுக்கு ஈடாகத் தரையில் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று 2019இல் எழுதினார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடி, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக இருக்கட்டும்.

டீத்தூள், முட்டை ஓடு, அரிசி கழுவிய தண்ணீர்: எது நல்லது? (பலர்)

வீட்டுக்குள் மூன்றும் வேண்டாம். மண் மேல் பூஞ்சை வரும், மண்ணிலிருந்து கொசு மாதிரி சின்னப் பூச்சி கிளம்பும். மாடித் தோட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

இலைக் காம்பு சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. (வாசகர், மதுரை)

மாவுப்பூச்சி. இன்றைக்கே மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொரு கணுவாகத் துடையுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். சுருங்கிய இலை உள்ள காப்பெரேட்டா வகைக்கு எண்ணெய் தெளிக்காதீர்கள், மடிப்புகளில் தேங்கி அழுகும். தொட்டியின் அடி ஓட்டையையும் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும்.

ஜன்னல் இல்லாத குளியலறையில் வைக்கலாமா? (வாசகி, ஈரோடு)

கூடாது. ஈரப்பதம் மட்டும் போதாது, வெளிச்சம் வேண்டும். பகல் 11 மணிக்கு, செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கலாகவாவது கை நிழல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது செடி வைக்கும் இடமில்லை. கிழக்கு ஜன்னலிலிருந்து 3 அடிக்குள் நல்லது. மேற்கு ஜன்னல் என்றால் கோடையில் திரைச்சீலை போடுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சொல்லி தினமும் தண்ணீர் விடச் சொல்லலாமா? (வாசகர், திருநெல்வேலி)

சொல்லவே வேண்டாம். கிளம்பும் முதல்நாள் ஊற்றி, வடியவிட்டு, நேரடி வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் உடனே ஊற்றாதீர்கள். முதலில் தூக்கிப் பாருங்கள்.