கிணற்று நீர்மட்டம்: அடியில் பதிவதா, மில்லிமீற்றரில் பதிவதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தோட்டக் கிணற்றின் கட்டில் மீயொலி (காதுக்குக் கேளாத ஒலி) சென்சர் பூட்டி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று ஆர்டுயினோ உனோ என்ற சிறு கணினிப் பலகையில் பதிகிறேன். அப்பாவுக்கு அடிக்கணக்கில் சொன்னால்தான் விளங்கும் என்பதால் அடியிலேயே சேமிக்கிறேன். மழையில்லாத மாதங்களில் −18.0, −15.6 என்றெல்லாம் வருகிறது. அலகை மாற்றினால் சரிவருமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: அலகை மாற்றினால் மட்டும் இது போகாது. ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் எதிரொலி நேரம் மைக்குரோசெக்கனில் (செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வருகிறது. உனோவில் முழு எண்ணைச் சேமிக்கும் 'இன்ட்' (int) மாறி 16 பிட்; 32,767 வரைதான் கொள்ளும். தண்ணீர் ஏறத்தாழ 5.7 மீற்றருக்குக் கீழே இறங்கியதும் நேரம் அந்த எல்லையைத் தாண்டி மறை எண்ணாகிறது. உங்கள் −18.0 அப்படி வந்ததுதான். உண்மையில் தண்ணீர் 5.9 மீற்றர் அளவில் நிற்கிறது. −15.6 திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு. எதிரொலி கிடைக்காதபோது சில சென்சர்கள் 38,000 மைக்குரோசெக்கன் அளவில், நேரத்தைக் காட்டும் துடிப்பை முடித்துக்கொள்ளும். அந்த எண் 16 பிட்டில் −27,536 ஆகிவிடும்; அடிக்கு மாற்றினால் −15.6. நேரத்தைக் குறியில்லாத (மறை எண் கொள்ளாத) 32 பிட் மாறியில் வாங்குங்கள். எதிரொலி இல்லாத பதிவை வெறுமையாக விடுங்கள். பூச்சியம் போட்டால் கிணறு வாய்வரை நிரம்பியதாகிவிடும்!

சேமிப்பதற்கு மில்லிமீற்றர், அதுவும் முழு எண்ணாக. அடியில் ஒரு தசமத்துக்கு மட்டந்தட்டினால் 30 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஏற்ற இறக்கம் எதுவும் தெரியாது. பிறகு நினைத்தாலும் மீட்க முடியாது. திரையில் காட்டும்போது மட்டும் 304.8ஆல் வகுத்து அப்பாவுக்கு அடியில் காட்டுங்கள். மாறியின் பெயரிலேயே அலகையும் எழுதிவிடுங்கள்.

மைக்குரோசெக்கனையும் அருகில் பதிவது மிக முக்கியம். 58ஆல் வகுத்துச் சென்ரிமீற்றர் எடுக்கும் வழக்கமான கணக்கு, ஒலி செக்கனுக்கு 345 மீற்றர் ஓடுவதாக வைத்துக்கொள்கிறது. 30 பாகை செல்சியஸில் அது 349க்கு மேல். 4 மீற்றர் ஆழத்தை 5 சென்ரிமீற்றர் குறைத்துக் காட்டும். மூல நேரமும் கிணற்றுக்குள் உள்ள வெப்பநிலையும் கையில் இருந்தால் பழைய பதிவுகளையும் திருத்தலாம். வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 (DS18B20) என்ற சென்சர் போதும். அது தருவது பாகையின் 16இல் ஒரு பங்கு. 480 என்றால் 30 பாகை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் செய்வதுபோல மில்லிபாகையாக (பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு), 30,000 என்று சேமியுங்கள். 85,000 வந்தால் நம்பவேண்டாம். பெரும்பாலும் சென்சர் அளந்து முடிக்க 750 மில்லிசெக்கன் காத்திராமல் வாசித்திருப்பீர்கள்.

கேள்வி: ஒரே கிணற்றுத் தண்ணீர், என் உப்பளவு மீற்றரில் 700 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 700 பங்கு), நண்பரின் மீற்றரில் 980. எதைப் பதிவது?
– வாசகர், காரைநகர்

பதில்: இரண்டையும் விடுங்கள். இரு மீற்றரும் அளப்பது மின்கடத்துதிறனை. சென்ரிமீற்றருக்கு 1,400 மைக்குரோசீமன்ஸ். ஒன்று அதை 0.5ஆலும் மற்றது 0.7ஆலும் பெருக்கிப் பிபிஎம் ஆக்குகிறது. உவர் ஏறுகிறதா என்று பார்க்க மைக்குரோசீமன்ஸையே பதியுங்கள், 25 பாகைக்குத் திருத்தியதா இல்லையா என்ற குறிப்போடு. ஒரு பாகைக்கு 2 சதவீதம் அளவில் மாறும் என்பதால், திருத்தாத 30 பாகைத் தண்ணீர் 10 சதவீதம் கூடுதலாக உவர்த்ததாகத் தெரியும்.