கைமரத்துக்கு இரும்புப் பட்டை எதற்கு, ஆணி மட்டும் போதாதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பழைய மரவீட்டுக் கூரையைப் புதுப்பிப்போர் பலருக்கும் எழும் கேள்வி இது. இணைப்புப் பட்டை என்பது கூரையைச் சாய்வாகத் தாங்கும் கைமரத்தையும் அது அமரும் உத்தரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், துளையிட்ட எஃகுத் தகடு.

மழைக்கு முந்திய காற்று தகரக் கூரையை மேலே தூக்கும்போது, கைமரத்தின் வழியாக உத்தரத்துக்குள் அடித்த ஆணி இறங்கிய வழியிலேயே உருவிக்கொண்டு வரப் பார்க்கும். மாடு கட்டிய முளை பக்கவாட்டு இழுப்புக்கு அசையாது. நேராக மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். பட்டையின் ஆணிகள் மரத்தின் பக்கவாட்டில் இறங்குவதால், தூக்குவிசை அவற்றைக் குறுக்கே அழுத்துமே தவிர உருவாது. எனவே தயாரிப்பாளர் குறித்த துளைகள் அனைத்திலும் குறித்த தடிமனும் நீளமும் உள்ள ஆணி இறங்க வேண்டும். பாதித் துளைகளைக் காலியாக விட்டுவிட்டு (இதைத்தான் அடிக்கடி காண்கிறோம்) முழு வலுவை எதிர்பார்க்க இயலாது. செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் சாதாரண இரும்பை அரிக்குமாதலால், பட்டைக்கும் ஆணிக்கும் கனத்த துத்தநாகப் பூச்சு தேவை.

திருகாணி எப்போதுமே ஆணியைவிட வலுவானது என்பது தவறான எண்ணம். சிலிங் பலகைக்குரிய கறுப்புத் திருகாணி பக்கவாட்டு விசையில் வளையாமல் பட்டென்று முறிந்துவிடும்.