திரையில் கிறுக்கல்

கேள்வி: இசட்80 என்ற பழைய 8-பிற் புரொசசர் வைத்து கம்ப்யூட்டர் ஒன்றை நானே சோல்டர் பண்ணினேன். எழுத்துகளை ஒவ்வொரு பிற்றாக அனுப்பும் 6850 சீரியல் சிப் வழியாக மடிக்கணினியில் செக்கனுக்கு 115200 பிற் வேகத்தில் பார்த்தால் ஒரே கிறுக்கல். சீரியல் லைனுக்கு ஏற்ற வோல்ற்றாக மாற்றும் மேக்ஸ்232 சிப்பை இரண்டு தரம் மாற்றிவிட்டேன். துடிப்பு தரும் 7.3728 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் கிடைக்கவில்லை, 8 போட்டிருக்கிறேன்.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: மேக்ஸ்232 பாவம் தம்பி, அதை விடுங்கோ. சந்தேகமென்றால் எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அதன் 14ஆம் பின்னில் மல்டிமீற்றரை வையுங்கோ. மைனஸ் 8 வோல்ற் அளவில் காட்டினால் அது நல்ல சிப்.

கடைசி வசனத்தில் போகிறபோக்கில் சொன்னீர்களே, பிழை அங்கேதான். 6850 கிறிஸ்டலின் துடிப்பை 64ஆல் பிரித்து வேகத்தை எடுக்கிறது. 7.3728 என்றால் சரியாக 115200. 8 என்றால் 125000. ஒரு பிற் 8.68 மைக்ரோசெக்கன் நீளம் என்று மடிக்கணினி எண்ணுகிறது, உங்கள் பெட்டியோ 8இல் முடிக்கிறது. எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டொப் பிற் வருவதற்குள் முக்கால் பிற் பிசகிவிடும்.

நானும் ஒருமுறை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைக்காரர் "கிட்டத்தட்ட அதேதான்" என்று தந்ததை வாங்கி, இரண்டு இரவு சோல்டரை நொந்தவன். கிறிஸ்டலின் தலையில் பொறித்த எண்ணை லென்ஸ் வைத்துப் படித்த பிறகுதான் விளங்கியது.

சரியான கிறிஸ்டல் வரும்வரை மடிக்கணினியின் டெர்மினல் புரோகிராமில் 125000 என்று கொடுத்துப் பாருங்கோ. சில யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள் ஏற்கும்.