நெற்றியில் கட்டும் பட்டை ஞாபகசக்தியைக் கூட்டுமா?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறான். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நிறுவனத்தினர் வந்து, நெற்றியில் கட்டும் பட்டை ஒன்றைக் காட்டினார்கள். மூளை அலையை அளந்து, கவனத்தையும் ஞாபகசக்தியையும் கூட்டுமாம். விலை 18,500 ரூபாய். வாங்காத பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம் அம்மா. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீதையும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

மூளை அலை என்பது கட்டுக்கதை அல்ல. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-லேயே மனிதரிடம் அதைப் பதிவு செய்தார். வலிப்பு நோய்க்கு மருத்துவமனையில் எடுக்கும் இ.இ.ஜி. அதுதான். ஆனால் தலைத்தோலுக்கு வந்துசேரும் மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் சில பத்துப் பங்குகள் தேறும். அதைப் பிடிக்க மருத்துவமனையில் பசை தடவி, தலை முழுவதும் ஏறத்தாழ 20 மின்முனைகளைப் பொருத்தி, அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். கடையில் கிடைக்கும் பட்டைகளில் நெற்றியில் இரண்டு, காதருகே ஒன்றிரண்டு என்று உலர்ந்த முனைகள்தான் பெரும்பாலும் இருக்கும். எண்ணெய் வழியும் நெற்றியில் அந்தத் தொடுகையும் சரியாக அமையாது. பல்லைக் கடித்தால், புருவத்தை உயர்த்தினால் தசையிலிருந்து கிளம்பும் மின்சாரம் மூளையினுடையதை அமுக்கிவிடும். அடுத்த முறை அவர்கள் செய்துகாட்டும்போது, கணக்குப் போடும் பையனைக் கணக்கை விட்டுவிட்டுப் பல்லை மட்டும் கடிக்கச் சொல்லுங்கள். திரையில் 'கவனம்' என்று காட்டும் எண் அப்போதும் மாறினால், அது எதை அளக்கிறது என்று எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும் கேளுங்கள்.

அளப்பதே இப்படி என்றால், கூட்டுவது? கவனக்குறைபாடு உள்ள 7 முதல் 10 வயதுக் குழந்தைகள் 140-க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் ஒரு கவனமான சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு உண்மையான மூளை அலைப் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே போல் தோன்றும் போலிப் பயிற்சி. இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவுதான் முன்னேறினார்கள். ஞாபகசக்தி இரட்டிப்பாகும் என்று மேடையில் சொல்பவரிடம், இப்படிப் போலியுடன் ஒப்பிட்ட சோதனை உங்கள் கருவிக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்க வைக்கிறோம் என்று 'நடுமூளைத் தூண்டல்' வகுப்புகள் நம் ஊர்களில் எவ்வளவு பணம் பிடுங்கின என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பிள்ளைகள் மூக்கோர இடைவெளி வழியாகத்தான் படித்தார்கள்.

எனக்கு இன்னும் பெரிய கவலை, பிள்ளையின் தலையிலிருந்து எடுக்கும் தரவு எங்கே போகிறது என்பது. சீனாவின் ஜின்ஹுவா நகரில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு இத்தகைய பட்டையை மாட்டியது. மக்கள் கொதித்தெழவே 2019-இல் அங்குள்ள கல்வித் துறை அதை நிறுத்தியது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்கிறது. சேர்க்கைப் படிவத்தோடு படிவமாக நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் கட்டியவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்ற நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. மூளையில் சிப் வைத்தால் நினைத்ததைச் செய்யலாம், 2 லட்சம் கட்டி முன்பதிவு செய்யுங்கள் என்கிறார் ஒருவர். நிலத்தை அடகு வைக்கலாமா?
— வாசகர், காரிமங்கலம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

தொழில்நுட்பம் உண்மை. நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு 1,024 மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியது. தோளுக்குக் கீழே செயலிழந்த அந்த இளைஞர் நினைவாலேயே கணினியில் சதுரங்கம் ஆடினார். சில வாரங்களில் மூளைக்குள் வைத்த மெல்லிய இழைகளில் பல விலகிக்கொண்டன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். இது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. ஆய்வில் சேர்கிறவர் முன்பதிவுப் பணம் கட்டுவதில்லை. இந்தியாவில் மருத்துவ ஆய்வு எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அந்த மனிதரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

தம்பிக்கு இன்றே உதவக்கூடியது உங்கள் கையிலேயே இருக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல், முன்பக்கக் கேமரா முகத்தைப் பார்த்து, வாயைத் திறப்பது, புருவத்தை உயர்த்துவது போன்ற அசைவுகளால் போனை இயக்கும் வசதி அணுகல்தன்மை அமைப்புகளில் இருக்கிறது. பேச்சு தெளிவாக இருந்தால் குரலாலும் இயக்கலாம். போனைக் கண் மட்டத்தில் நிறுத்தக் கட்டிலோடு பூட்டும் தாங்கி ஒன்று வாங்குங்கள். சக்கர நாற்காலிக்கும் உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓசூரில் வேலை செய்கிறேன். அம்மா பென்னாகரம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். கேமரா இல்லாமல், விழுந்தால் மட்டும் செய்தி அனுப்பும் ரேடார் கருவி நல்லதா? கதிர்வீச்சு பயமாக இருக்கிறது.
— வாசகர், ஓசூர்

பதில்: கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டாம். இவை மிகக் குறைந்த திறனில் இயங்குபவை. காதோடு ஒட்டிப் பேசும் கைபேசியை விட இதில் அஞ்ச ஒன்றும் இல்லை. ரேடியோ அலையை அனுப்பி, உடலில் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடும். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்வதைக்கூட நல்ல கருவி காணும்.

யோசிக்க வேண்டியது அம்மாவின் பழக்கம். பெரும்பாலான கருவிகள் கட்டிலும் நாற்காலியும் உள்ள வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தரையில் ஆள் கிடந்தால் விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளும். அம்மா பாயில் படுப்பவரா, தரையில் அமர்ந்து அரிசி புடைப்பவரா? அப்படியானால் நாளுக்கு நாலு முறை உங்களுக்கு அபாய மணி அடிக்கும்; ஒரு வாரத்தில் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். பாய் விரிக்கும் இடத்தைத் தனியாகக் குறித்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சுவரோடு சாய்ந்து மெல்லச் சரிந்தால் பல கருவிகளுக்குத் தெரியாது. சுழலும் விசிறியும் கொடியில் ஆடும் புடவையும் குழப்பும். வயதானவர்கள் குளியலறையிலும் வழுக்கி விழுவதுண்டு. அது கொல்லையில் தனியாக இருந்தால் கூடத்தில் மாட்டிய கருவி உதவாது.

மின்வெட்டில் கருவியும் வைஃபையும் சேர்ந்தே நின்றுபோகும், ஆகவே இரண்டுக்கும் மின்சேமிப்பு வேண்டும். ஓசூரிலிருந்து நீங்கள் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்? எனவே செய்தி பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும்படி அமையுங்கள். அவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும்.

கேமரா இல்லை என்பதால் அந்தரங்கம் காக்கப்படுகிறது என்றும் நினைக்க வேண்டாம். வைஃபை அலையைக் கொண்டே சுவருக்கு அப்பால் நடமாடுபவரைக் கண்டறியலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டீனா கடாபி குழுவினர் 2013-இல் காட்டினார்கள். அம்மாவிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு மாட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இ.டி.ஏ. எனப்படும் மத்திய அரசின் கம்பியில்லாக் கருவி ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருந்த காரணத்தால் கூகுள் பிக்சல் 4 போன் 2019-இல் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

கேள்வி: மாந்தோப்புக்குக் கம்பியில்லா மண் ஈரப்பத உணரி எதை வாங்குவது?
— வாசகர், பர்கூர்

பதில்: நீண்ட தூரம் எட்டும் லோரா என்ற ரேடியோ வகை போதும், சிம் தேவையில்லை, தோப்பில் ஒரு பெட்டி வைத்தால் பல உணரிகள் அனுப்பும் செய்தியை அது வாங்கிக்கொள்ளும். இந்தியாவில் அதற்கு உரிமம் வேண்டாத அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவி அமெரிக்காவுக்கானது, வாங்காதீர்கள். இரண்டு உலோகக் கம்பிகள் மண்ணில் நேரடியாகப் படும் வகை சீக்கிரம் அரித்துப்போகும். பூச்சு மூடிய மின்தேக்கு (கெபாசிட்டிவ்) வகையைக் கேளுங்கள். உங்கள் பக்கம் சரளைக் கல் கலந்த செம்மண். குழியில் கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்து, நீர்விட்டு இறுக்கிப் பதியுங்கள். சுற்றிலும் காற்று இடைவெளி இருந்தால் நனைந்த மண்ணையும் காய்ந்தது என்றே காட்டும்.